அணை கட்டியவர் கண்ட வங்கி

பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கி நீர்நிலைகள் அமைக்குமாறு குடபுலவியனார் பாடிய புறநானூற்றுப் பாடலைத் தமிழ் பயின்றோர் அறிவர். அதனை வகுப்பறையில் விளக்கும்போது மாணவியர் சிலர் ஒரு வினாவை எழுப்புவதுண்டு. ஏரி வெட்டப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதே அது. புலவர் அதனைக் கூறவில்லை. கூறுவது அவர் கடமையும் அன்று. ஆனால் அணை கட்டும் பொறியாளர் ஒருவர் அவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கல்லும் சுண்ணாம்பும் பற்றிய கணக்கு முடிந்த இடத்தில் அவர் காசின் கணக்கைத் தொடங்கினார். அது முடிந்ததும் அவையில் எழுந்து நின்று அதனை மக்களுக்கு எடுத்துரைத்தார். அவரே மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா.

காவிரியின் குறுக்கே கண்ணம்பாடியில் அணை எழுப்பியவர் என்ற அளவிலேயே தமிழ்நாட்டில் அவர் அறியப்பட்டிருக்கிறார். அதுவும் மகிழ்ச்சியோடு சொல்லப்படும் பெயர் அன்று. அவர் ஒரு வங்கி தோன்றக் காரணமானவர், தொழில் தொடங்குவோர்க்கு முதல் கிடைக்க வழி தேடியவர், புள்ளிவிவரங்களையே பொருளாக்கி அரங்குகளில் உரையாற்றியவர் என்பன நம்மிடையே மிகுதியும் பேசப்படுவதில்லை. தறியும் நூல் விலையும் கூட்டுறவுச் சங்கமும் அன்றாடப் பேச்சாக உள்ள சுந்தரபாண்டியத்து அன்பர்களுக்கும், ஆலைகளால் உயர்ந்த இராசபாளையத்தாருக்கும் முதல் என்னும் சொல்லின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் ஒரு கன்னட நாட்டுப் பொறியாளரைப் பற்றி எழுத நான் துணிந்தமைக்கு அதுவே காரணம்.

சிக்கபள்ளாபுரத்தை அடுத்த முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில், செப்டம்பர் 15-ஆம் நாள் அவர் பிறந்தார். ஆண்டினை 1860 என்பாரும் உளர். 1861 என்பாரும் உளர். தந்தையார் சீனிவாச சாஸ்திரி வடமொழிப் புலவர். இளமையிலேயே தந்தையை இழந்த பிள்ளை, பெங்களூரில் வசதி படைத்த குடும்பத்துச் சிறுவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அவ்வருவாயில் மத்தியக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். அதன்பின் மைசூர் அரசின் உதவித்தொகை கிடைத்தமையால் புனே நகரம் சென்று பொறியியல் கற்க முடிந்தது. 1883-இல் அத்தேர்வில் முதலிடம் பெற்றார். அரசு தந்த அந்த உதவித்தொகையை அன்பர்கள் நினைவில் இருத்துமாறு வேண்டுகிறேன். பின்னர் அதனை மீண்டும் எடுத்துக்கொள்வேன்.

1884-இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தார். சிந்து மாகாணத்துச் சுக்கூர் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்தது, புனேயை அடுத்த கடக்வாசலா நீர்த்தேக்கத்தில் வெள்ளம் வரும்போது தாமே திறந்து மூடிக்கொள்ளும் மதகுகளைப் பொருத்தியது, ஏடன் துறைமுகத்துக்குச் சென்று நீர் வழங்கலையும் கழிவுநீர் வடிகாலையும் ஆராய்ந்தது ஆகிய பணிகளைப் பொறியியல் நூல்கள் விரிவாகக் கூறும். நான் சற்று நிற்க விரும்புவது வேறோரிடத்தில். கால்வாய்ப் பாசனத்தில் தலைமடையார் கரும்புக்கு நீரை வாரிக்கொள்ள, கடைமடையார் வானம் பார்த்து நிற்பது எங்கும் உள்ள வழக்கம். நம் கண்மாய்ப் பாசனத்திலும் இது புதிதன்று. விசுவேசுவரய்யா நிலங்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, கரும்பு, நெல், புன்செய்ப் பயிர் என முறை மாற்றி நீர் விடும் திட்டம் ஒன்றை வகுத்தார். உழவர் முதலில் ஐயுற்றனர். அவர்களை இசைவிக்காமல் ஒரு மடையும் ஒழுங்காகத் திறவாது என்பதை இளம் பொறியாளர் அங்கே கற்றார். பிற்காலத்தில் அவர் ஏறிய மேடைகளுக்கெல்லாம் முதற்படி அந்தக் கால்வாய்க் கரைதான் என்பது என் கருத்து.

1898-இல் அவர் ஜப்பான் சென்றுவந்தார். எழுத்தறிவும் தொழிலும் அரசின் ஊக்கமும் ஒன்று சேர்ந்தால் ஓர் ஆசிய நாடு ஒரு தலைமுறைக்குள் எவ்வளவு மாறக்கூடும் என்பதை அங்கே கண்டார். அந்நாடு 1902-இல் தொழிலுக்கென்றே தனி வங்கி ஒன்றை நிறுவியது. 

பம்பாய்ப் பணியில் மேற்பார்வைப் பொறியாளர் நிலை வரை உயர்ந்தார். அதற்குமேல் இந்தியர் ஒருவர் தலைமைப் பொறியாளர் ஆவது அந்நாளில் அரிது. 1908-இல் பணியைத் துறந்து அயல்நாடுகளைக் காணச் சென்றார். அவ்வாண்டு செப்டம்பரில் மூசி ஆறு ஐதராபாத்தை அழித்தது. நிசாம் அரசின் அழைப்பை ஏற்று வந்து, நகரைக் காக்க மேற்புறத்தில் இரு நீர்த்தேக்கங்கள் அமைக்கத் திட்டம் தந்தார். அத்திட்டத்தின் வழியே பின்னர் எழுந்தவையே உஸ்மான் சாகரும் இமாயத் சாகரும். 1909 நவம்பரில் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளர் பொறுப்பை ஏற்றார்.

கண்ணம்பாடி அணையின் வரலாறு இங்கே தொடங்குகிறது. அணைக்கு முழுமையாக 253 இலட்சம் ரூபாய் ஆகும் என மதிப்பிடப்பட்டது. ஒரு சமஸ்தானத்தின் கருவூலத்துக்கு அது பெருந்தொகை. நிதித் துறையார் தயங்கினர். பாசன வரி மட்டும் கொண்டு இவ்வணை தன் செலவை மீட்காது என்பது அவர்கள் வாதம்; அது பிழையான வாதமும் அன்று. விசுவேசுவரய்யா விடை தேடிய திசை வேறு. சிவசமுத்திரத்தில் 1902 முதல் நீர்மின்சாரம் எடுக்கப்பட்டு, ஏறத்தாழ 90 மைல் தொலைவிலுள்ள கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டு வந்தது. கோடையில் காவிரி மெலிந்தால் மின்சாரமும் மெலியும். மேலே அணை இருந்தால் ஆண்டு முழுதும் சீரான நீர் இறங்கும். சுரங்க நிறுவனங்கள் கூடுதல் மின்சாரத்தை விலை கொடுத்து வாங்கும். அந்த வருவாய் உழவனின் மடைக்கு உதவும். இவ்வாறு வயலுக்கான அணையைச் சுரங்கத்தின் காசால் எழுப்பலாம் என அவர் கணக்கிட்டுக் காட்டினார். 1911-இல் அரசர் நான்காம் கிருட்டிணராச உடையார் முதற்கட்டத்துக்கு 81 இலட்சம் ரூபாய் ஒப்புதல் அளித்தார். அவ்வாண்டே பணி தொடங்கியது.

தமிழ்நாட்டிலிருந்து எழுதும் நான் இவ்விடத்தைக் கடந்து செல்ல இயலாது. சென்னை அரசு இவ்வணையை எதிர்த்தது. மேலே தேக்கினால் தஞ்சைக் கழனிக்கு நீர் குறையும் என்ற அச்சம் காரணமற்ற அச்சம் அன்று. குறைந்த உயரத்துக்கே இந்திய அரசின் இசைவு கிடைத்திருந்த நிலையில், முழு உயரத்துக்கும் ஏற்ற அகலத்தில் அடித்தளம் இடப்பட்டது. பொறியாளர் என்ற முறையில் அது தொலைநோக்கு. கீழே வாழும் உழவர் கண்ணில் அது முந்திக்கொள்ளுதல். கிரிஃபின் என்பார் 1914-இல் அளித்த தீர்ப்பை எதிர்த்துச் சென்னை மேல்முறையீடு செய்தது. 1924-இல்தான் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி மைசூர் கண்ணம்பாடியில் ஏறத்தாழ 44.8 ஆயிரம் மில்லியன் கன அடி நீரைத் தேக்கலாம். சென்னை மேட்டூரில் 93.5 ஆயிரம் மில்லியன் கன அடி நீரைத் தேக்கலாம். மேட்டூர் அணை 1934-இல் நிறைவுற்றது. விசுவேசுவரய்யாவின் கணக்கில் சுரங்கம் இருந்தது, மாண்டியாவின் வயல் இருந்தது, வட்டி இருந்தது. தஞ்சை உழவன் அவர் கணக்கேட்டின் எல்லைக்கு அப்பால் நின்றான். அவர் மைசூரின் ஊழியர்; அதனை எண்ணிப் பார்க்கலாம், மறக்க வேண்டியதில்லை.

1912 நவம்பரில் அவர் மைசூரின் திவான் ஆனார். பதவி ஏற்குமுன் உறவினரை விருந்துக்கு அழைத்து, தம்மிடம் சலுகை கேட்டு யாரும் வருவதில்லை என உறுதி பெற்ற பின்னரே ஒப்புக்கொண்டார் என்பர். அரசுப் பணிக்கு ஒரு மெழுகுவர்த்தி, சொந்தப் பணிக்கு மற்றொன்று என்ற கதையும் அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. அக்கதை பலர் மீதும் ஏற்றிச் சொல்லப்படுவதால் நான் அதனை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் நேர்மைக்குக் கதைகள் தேவையில்லை.

ஓராண்டுக்குள், 1913 அக்டோபர் 2-ஆம் நாள், மைசூர் வங்கி தோன்றியது. விசுவேசுவரய்யா தலைமையில் அமைந்த வங்கிக் குழுவின் தூண்டுதலும் அரசின் ஆதரவுமே அதற்கு வித்து. அந்தக் காலத்தை நோக்கினால்தான் இதன் துணிவு விளங்கும். சென்னையில் 1906-இல் அர்பத்நாட் நிறுவனம் வீழ்ந்து, எண்ணற்ற குடும்பங்களின் சேமிப்பு மறைந்தது. அத்துயரிலிருந்து பிறந்ததே 1907-இல் தோன்றிய இந்தியன் வங்கி. 1913 செப்டம்பரில் இலாகூரின் மக்கள் வங்கி கதவடைத்தது. அதனைத் தொடர்ந்து இந்தியர் நடத்திய வங்கிகள் பல வரிசையாகச் சரிந்தன. சுதேசி வங்கி என்றாலே மக்கள் நடுங்கிய அந்த மாதங்களில்தான் மைசூர் வங்கி கதவு திறந்தது. அரசின் கை பின்னால் இருக்கிறது என்ற நம்பிக்கையே அதன் முதன்மையான மூலதனம்.

வங்கி எதற்கு என்ற வினா எழலாம். கடன் தர இலேவாதேவிக்காரர் ஊர்தோறும் இருந்தனர். மாகாண வங்கிகளும் இருந்தன. ஆனால் மாகாண வங்கிகள் சில மாதத் தவணைக்கே, அதுவும் வணிகச் சரக்கையும் பத்திரங்களையும் நம்பியே கடன் தந்தன. நிலத்தையோ கட்டடத்தையோ ஈடாகக் கொள்ளச் சட்டம் அவற்றுக்கு இடம் தரவில்லை. அறுவடைப் பருத்தியை வாங்கி விற்க அக்கடன் போதும். ஓர் எந்திரத்தை வாங்கி நிறுவி, அது ஓடி ஈட்டிக் கடனை அடைக்கப் பத்தாண்டு ஆகும். அதற்கு அக்கடன் உதவாது. மறுபுறம், நாளையே திரும்பக் கேட்கப்படக்கூடிய மக்களின் வைப்புத் தொகையைப் பத்தாண்டுக் கடனாகத் தூக்கிக் கொடுத்த வங்கிகள்தாம் நெருக்கடியில் முதலில் வீழ்ந்தன. எனவே மைசூரில் பணி இரண்டாகப் பிரிந்தது. வங்கி, சேமிப்பைத் திரட்டி அன்றாட வணிகத்துக்கு உதவியது. நீண்ட காலம் பொறுத்திருக்க வேண்டிய தொழில்களின் சுமையை அரசே ஏற்றது.

வரத்து, தேக்கம், மடை என மூன்றையும் அளந்து பழகியவருக்கு வங்கியும் ஒரு நீர்த்தேக்கமாகவே தோன்றியிருக்கும் என எண்ணத் தோன்றுகிறது. இஃது என் உவமை. அவர் உவமைகளை விரும்பாதவர்.

அரசு தொழில் நடத்தலாமா என்பது அந்நாளில் பெரும் வழக்கு. சென்னை மாகாணத்தில் அலுமினியப் பாத்திரத் தொழிலையும், கிணறுகளில் எண்ணெய்ப் பொறி பொருத்தி நீர் இறைப்பதையும் ஊக்கிய ஆல்பிரட் சாட்டர்டன் தொழில் துறைக்குப் பொறுப்பேற்றிருந்தார். அரசு நேரடியாகத் தொழிலில் ஈடுபடுதல் கூடாது என 1910-இல் இலண்டனிலிருந்து மார்லி பிரபு ஆணையிட்டார். சாட்டர்டன் 1912-இல் மைசூருக்குப் பெயர்ந்தார். சென்னை இழந்த ஊக்கத்தை மைசூர் பெற்றது. முதல் உலகப்போரில் செருமானியச் சந்தை அடைபட்டு, சந்தனக் கட்டைகள் விற்காமல் தேங்கின. அப்போது கட்டையை விற்பானேன், எண்ணெயாகவே விற்போம் என்று ஆலை கண்டது மைசூர் அரசு. மைசூர் சந்தன சோப்பின் கதையும் அவ்வாறு தொடங்கியதே.

இவற்றையெல்லாம் ஆராய்ந்து முடிவு செய்ய 1911 முதல் மைசூர்ப் பொருளாதார மாநாடு இயங்கியது. வேளாண்மை, கல்வி, தொழிலும் வணிகமும் என மூன்று குழுக்கள் அதன்கீழ்ப் பணியாற்றின. மாவட்டங்களுக்கும் வட்டங்களுக்கும் அது கிளை பரப்பியது. ஆண்டுதோறும் தசராவையொட்டிக் கூடும் பிரதிநிதிகள் சபையிலும் திவான் நீண்ட உரை ஆற்றுவார். அவ்வுரைகள் 1917-இல் நூலாகவும் வெளிவந்தன.

தமிழ் மேடைப்பேச்சில் தோய்ந்த நமக்கு அவர் உரைகள் வறண்டவையாகத் தோன்றக்கூடும். அடுக்குமொழி இல்லை, கதை இல்லை, கைத்தட்டலுக்காக நிறுத்தும் இடம் இல்லை. எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர், ஏக்கருக்கு எவ்வளவு விளைச்சல், ஜப்பானில் எவ்வளவு, கனடாவில் எவ்வளவு, நம்மிடம் எவ்வளவு என்றே செல்லும். எழுதி, திருத்தி, மீண்டும் எழுதிய பின்னரே பேசுவார். வள்ளுவர் அமைச்சு என்னும் அதிகாரத்தை அடுத்துச் சொல்வன்மையை வைத்தார். அமைச்சராக இருந்தோருள் சொல்வன்மையை எண்ணிக்கையின் வழியே தேடிய முதல்வருள் ஒருவராக இவரைக் கொள்ளலாம். ஆயினும் ஒரு குறை உண்டு. 1915-இல் கன்னட இலக்கியப் பரிஷத்துத் தோன்றத் துணைநின்ற இவர், தம் பெரும் உரைகளைப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைத்தார். உழவனின் வறுமையைப் பற்றிய புள்ளிவிவரம் உழவனின் மொழியில் அமையவில்லை.

திவான் பதவி 1918-இறுதியில் முடிந்தது. முடிந்த காரணம் இவ்வாழ்க்கையின் கடினமான பக்கம். மைசூரில் அரசுப் பணிகள் பெரும்பாலும் பிராமணர் கையில் இருந்தன. சென்னையில் நீதிக்கட்சி எழுப்பிய குரலின் எதிரொலி அங்கும் கேட்டது. ஏனைய வகுப்பாருக்குப் பணிகளில் இடம் வேண்டும் என்ற கோரிக்கையை ஆராய, நீதிபதி இலெஸ்லி மில்லர் தலைமையில் அரசர் 1918-இல் குழு அமைத்தார். திறமையே அளவுகோலாக இருத்தல் வேண்டும் என்ற கொள்கையுடைய விசுவேசுவரய்யா அதற்கு இசையவில்லை. பதவியை விட்டு விலகினார். குழுவின் பரிந்துரைகளை அடுத்து 1921-இல் மைசூரில் இட ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது.

அவர் சாதிப் பற்றால் இவ்வாறு செய்தார் எனக் கூறுவது பொருந்தாது. தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க 1913-இல் சட்டம் கொண்டுவந்ததும், 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் காண உழைத்ததும் அவர் காலத்துச் செயல்கள். எனினும் இவ்விடத்தில் அவரோடு உடன்பட என்னால் இயலவில்லை. ஈடு வைக்க ஒன்றும் இல்லாதவனுக்குச் சந்தை கடன் தராது. அரசே முன்வந்து வித்திட வேண்டும். பத்தாண்டு பொறுத்தால் அந்தத் தொழில் தன் காலில் நிற்கும். வங்கியிலும் ஆலையிலும் அவர் கண்ட உண்மை இதுதான். கல்வி என்னும் ஈடு தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டவர்க்கும் இதே நியாயம் பொருந்தும் என்பதை அவர் காணவில்லை. தந்தையை இழந்த சிறுவனைப் புனேக்கு அனுப்பியதும் ஓர் அரசின் உதவித்தொகை அல்லவா?

பதவி இல்லாத விசுவேசுவரய்யாவின் பயணம் அதன்பின் நாற்பதாண்டுக்கு மேல் நீண்டது. 1920-இல் இந்தியாவின் மறுசீரமைப்பைப் பற்றி ஆங்கில நூல் வெளியிட்டார். 1922 சனவரியில் பம்பாயில் கூடிய அனைத்துக் கட்சி மாநாட்டில் தலைவர் சங்கரன் நாயர் வெளியேறியபோது, அவையை நடத்தும் பொறுப்பு இவரிடம் வந்தது. 1923-இல் இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

அதே ஆண்டு, அவர் திவானாக இருந்து தொடங்கிய பத்ராவதி இரும்பாலை அவரைத் திரும்ப அழைத்தது. போர்க்காலத்தில் விலை உயர்ந்திருந்தபோது திட்டமிடப்பட்ட ஆலை, போர் முடிந்து விலை வீழ்ந்தபின் 1923-இல் உற்பத்தியைத் தொடங்கியது. நட்டம் குவிந்தது. மூடிவிடலாம் என்றனர். நிலக்கரி இல்லாத நாட்டில் விறகுக் கரியால் இரும்பு உருக்கும் ஆலை அது. எளிதில் ஆதாயம் தராது. தாம் பெற்ற பிள்ளையின் கடனைத் தாமே தீர்க்க வந்தவர்போல 1923 முதல் 1929 வரை அதன் குழுத் தலைவராக இருந்து, செலவைக் குறைத்தார்; அயல்நாட்டு வல்லுநர் இடங்களில் இந்தியரை அமர்த்தினார்; ஆலை நிமிர்ந்தது. அப்பணிக்கென அவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தைத் தாம் கொள்ளாமல், தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றுக்கு வழங்கினார். 1943-இல் பெங்களூரில் தோன்றிய ஜயசாமராஜேந்திரர் தொழிற்பயிலகம் அவ்வாறு உருவானது.

1934-இல் வெளிவந்த இந்தியாவுக்கான திட்டமிட்ட பொருளாதாரம் பற்றிய அவர் நூல், பத்தாண்டில் நாட்டு வருமானத்தை இருமடங்காக்க வழி கூறியது. உழவை மட்டும் நம்பியிருப்போரின் தொகை குறைந்து, தொழிலில் ஈடுபடுவோர் தொகை உயர வேண்டும் என்றது. இதில் காந்தியடிகளின் சிற்றூர்த் தொழிற் கொள்கையோடு அவர் மாறுபட்டார். தறியோசையில் வளர்ந்த ஊரார் இருபக்கமும் எண்ணிப் பார்க்க வேண்டிய வழக்கு இது; ஓர் ஆலை எத்தனை தறிகளை நிறுத்தியது என்ற கணக்கும் உண்டல்லவா? 1938-இல் காங்கிரசு அமைத்த தேசியத் திட்டக் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர்.

நம் பக்கத்தில் முதல் திரண்ட வழி வேறு. விருதுநகர், சிவகாசி வணிகர் மகமை என்ற பெயரில் சிறுகச் சிறுகச் சேர்த்த பொதுப்பணம் பள்ளிகளாயிற்று. தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கி தோன்றிப் பின்னாளில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாயிற்று. இராசபாளையத்தில் பி. ஏ. சி. இராமசாமி இராசா 1936-இல் நூற்பாலை கண்டார். அங்கே திவான் செய்ததை இங்கே சமுதாயங்கள் செய்தன எனலாம். நீண்ட காலத் தொழிற்கடனுக்கென்றே தனி நிறுவனம் வேண்டும் என்ற எண்ணம் விடுதலைக்குப் பின்னரே நிறைவேறியது. 1948-இல் இந்தியத் தொழில் நிதிக் கழகமும், 1949-இல் சென்னைத் தொழில் முதலீட்டுக் கழகமும் எழுந்தன. 1955-இல் தோன்றிய இந்தியத் தொழிற்கடன் முதலீட்டுக் கழகத்தின் முதல் தலைவர் ஆற்காடு இராமசாமி முதலியார்; மைசூரின் கடைசித் திவானும் அவரே. நாவன்மைக்குப் பெயர்பெற்ற அத்தமிழர், விசுவேசுவரய்யா அமர்ந்த நாற்காலியிலிருந்து தொழில் நிதியின் தலைமைக்குச் சென்றது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அது இனிய தற்செயலாகவே படுகிறது.

பாரத ரத்தினா விருது 1955-இல் அவரைத் தேடி வந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், கங்கையின் குறுக்கே பீகாரில் இரயில் பாலம் அமைக்க இடம் ஆராயும் குழுவுக்குத் தலைமை தாங்கி ஆற்றங்கரைகளைப் பார்வையிட்டார். மொகாமாவில் அப்பாலம் 1959-இல் திறக்கப்பட்டது. 1960-இல் அஞ்சல்தலை வெளியிட்டு நாடு அவர் நூற்றாண்டைக் கொண்டாடியபோது, அவர் நல்ல நினைவோடு இருந்தார். 1962 ஏப்ரலில் பெங்களூரில் மறைந்தார். உடல் முத்தேனஹள்ளியில் எரியூட்டப்பட்டது.

அவர் கண்ட வங்கி அவருக்குப்பின் ஐம்பத்தைந்து ஆண்டுகள் தன் பெயரோடு வாழ்ந்தது. 1960-இல் பாரத ஸ்டேட் வங்கியின் துணை வங்கியாகி, ஸ்டேட் பாங்க் ஆஃப் மைசூர் எனப் பெயர் பெற்றது. 2017 ஏப்ரல் 1-ஆம் நாள் பெருவங்கியோடு இணைக்கப்பட்டு, மைசூர் என்ற சொல் அதன் பெயர்ப்பலகையிலிருந்து நீங்கிற்று.